53 சென்டிமீட்டர் படுக்கை

அந்தப் படுக்கையின் அகலம் 53 சென்டிமீட்டர். கிளம்புவதற்கு முன்பே டேப் வைத்து அளந்து பார்த்தேன். எங்கள் வீட்டு சோபாகூட அதைவிட அகலம். இதில் இரண்டு வாரம் எப்படித் தூங்குவது என்று படகின் சொந்தக்காரரிடம் கேட்டேன். "கடலில் ஒருமுறை படுத்துப் பாருங்கள், அப்புறம் பேசலாம்" என்றார்.

அந்தச் சமயத்தில் நான் ஒரு பாய்மரப் படகு வாங்க அலைந்துகொண்டிருந்தேன். சொந்த ஊர் தூத்துக்குடி. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. சோலன்ட் நீரிணையில் சனி, ஞாயிறுகளில் பாயோட்டக் கற்றுக்கொண்டேன். இங்கிலீஷ் கால்வாயை நாலைந்து தடவை கடந்தேன். அடுத்து, கரை தெரியாத தூரத்துக்குச் சொந்தப் படகில் போக வேண்டும் என்று ஆசை. மனதுக்குள் ஒரு படகும் இருந்தது. 34 அடி நீளம், பின்கோடி வரைக்கும் குறையாத அகலம். உள்ளே இறங்கினால் நல்ல வெளிச்சம், ஆறடி ஆள் நிமிர்ந்து நடக்கலாம், பின்னால் இரட்டைக் கட்டில் போட்ட அறை. துறையில் கட்டியிருக்கும்போது பார்க்கிற எவருக்கும் பிடித்துப்போகும். என் மனைவிக்கும் ரொம்பப் பிடித்திருந்தது.

வாங்குமுன் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று அதே மாதிரிப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்து நான்கு பேர் கால்வாய்க்கு அந்தப் பக்கம் பிரான்ஸின் செர்பூருக்குப் போனோம். போகும்போது இதமான காற்று, எல்லாம் சுகம். திரும்பும்போது எதிர்க்காற்றின் வேகம் 25 நாட் ஆனது (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல்மைல்). தட்டையான முன்பக்கம் ஒவ்வொரு அலையிலிருந்தும் இறங்கும்போது யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் படகு முழுவதும் அதிர்ந்தது. பலத்த காற்று வந்தபோதெல்லாம் படகு சாய்ந்து, அகலமான பின்பக்கம் தண்ணீரைவிட்டு எழும்பியது. கூடவே சுக்கானும் பாதி மேலே வந்து, பிடிமானம் போய், படகு தானாகவே காற்றுக்கு எதிரே திரும்பி நின்றது. தேநீர் போடலாம் என்று கீழே இறங்கினேன். துறையில் நான் ரசித்த அதே விசாலமான கூடத்தின் நடுவில் நிற்கிறேன், கைக்கு எட்டுகிற தூரத்தில் பிடிக்க ஒன்றுமில்லை. அடுத்த அலையில் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்து மேசை விளிம்பில் விழுந்தேன். விலா எலும்பில் விரிசல். ஆறு வாரம் இருமக்கூட பயந்தேன்.

அப்போதும் படகைக் குறை சொல்லத் தோன்றவில்லை. எனக்குத்தான் பழக்கம் போதவில்லை என்று நினைத்தேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அட்லாண்டிக் நடுவிலிருக்கும் அசோர்ஸ் தீவுகளுக்குப் போகும் வழியில்தான் புரிந்துகொண்டேன்.

எங்கள் கிளப்பில் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர் கான்டெஸ்ஸா 32 படகு வைத்திருக்கிறார். ஜூன் மாதம் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலிருக்கும் ஃபால்மத்திலிருந்து அசோர்ஸ் தீவுகளுக்குப் போகிறேன், வருகிறாயா என்று கேட்டார். சுமார் 1,200 கடல்மைல். மூன்றாவது ஆள் என் தங்கை முறையில் பழகும் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண், இங்கே நர்ஸ். அவளுடைய அம்மா வழி வல்வெட்டித்துறை. அந்த ஊரில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. அதில் அந்த ஊர் மாலுமிகள் இருந்தார்கள். தங்கை அதைப் பெருமையாகச் சொல்வாள், சொல்ல வேண்டிய பெருமைதான்.

கான்டெஸ்ஸா 32 படகை வரைந்தவர் டேவிட் சாட்லர். லிமிங்டனில் ஜெரமி ராஜர்ஸ் கட்டினார். 1970களின் தொடக்கத்தில் வந்தது, 700-க்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். நீளம் 9.75 மீட்டர், அகலம் 2.9 மீட்டர்தான். நான் ஆசைப்பட்ட படகு இதைவிட அரை மீட்டருக்கு மேல் அகலம். முதல் பார்வையில் கான்டெஸ்ஸா தண்ணீரில் பதுங்கியிருப்பதுபோல் தெரியும், அவ்வளவு தாழ்வு. உள்ளே இறங்கினால் இருட்டு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் முன்னும் பின்னும் போக வேண்டுமானால் ஒருவர் உட்கார்ந்துகொள்ள வேண்டும்.

ஆனால் எடைக் கணக்கைப் பாருங்கள். மொத்தம் 4.3 டன். அதில் 2 டன்னுக்குச் சற்று மேல், படகின் அடியில் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கீலுக்குள் வைத்த பாரம். எங்கள் ஊர் தோணிக்காரர்கள் ஏரா என்று சொல்வார்களே, அந்த இடம். படகின் எடையில் கிட்டத்தட்ட பாதி அங்கேயே இருக்கிறது. என் தாத்தா தூத்துக்குடி தோணியில் கொழும்புக்குப் போய்வந்தவர். சரக்கு இல்லாத தோணியைக் கண்டால் அவருக்குப் பயம், பாரம் ஏறினால்தான் முகம் தெளியும் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வயதில் எனக்கு அது விளங்கவில்லை.

அகலமான படகு ஆரம்பத்தில் சாயாது. பலகை தண்ணீரில் கிடப்பதுபோல் தட்டையாக நிற்கும். ஏறினவுடன் 'எவ்வளவு உறுதியாக இருக்கிறது' என்று தோன்றும். ஒடுக்கமான, அடிபாரம் மிகுந்த படகு இலேசான காற்றுக்கே சாயும், புதிதாக ஏறியவர் பயந்துபோவார். ஆனால் சாயச் சாய அந்த இரண்டு டன் வெளிப்பக்கம் போய்ப் படகை நிமிர்த்தப் பார்க்கும். எத்தனை பாகை சாய்ந்த பிறகும் ஒரு படகு தானாக நிமிரும் என்று ஒரு கணக்கு உண்டு. இந்தக் காலத்து அகலமான உல்லாசப் படகுகள் பலவற்றுக்கு அது 110 முதல் 125 பாகைக்குள் வரும். கான்டெஸ்ஸா 32-க்கு 150-க்கும் மேல். 180 பாகை என்றால் முழுக்கத் தலைகீழ். பலகை மல்லாந்தாலும் தட்டையாகவே கிடக்குமில்லையா, அகலமான படகும் கவிழ்ந்தால் கவிழ்ந்த நிலையிலேயே உறுதியாக நிற்கும். அங்கேதான் ஆபத்து.

இதை உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. இங்கிலாந்திலிருந்து கிளம்பி அயர்லாந்துக் கரையோரத்து ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றிவரும் பாய்ப்படகுப் பந்தயம் ஒன்று உண்டு. 1979 ஆகஸ்டில் நடந்த ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பின. அயர்லாந்துக்குத் தெற்கே கெல்டிக் கடலில் புயல் பிடித்தது. பந்தயத்தில் ஓடியவர்களில் 15 பேர் இறந்தார்கள். 24 படகுகளை ஆட்கள் கைவிட்டார்கள், ஆனால் மூழ்கியவை ஐந்துதான், மற்றவை பிறகும் மிதந்துகொண்டிருந்தன. கவிழ்ந்த படகுகளில் சில, சில நிமிடங்கள் வரை தலைகீழாகவே கிடந்தன. அந்தப் பந்தயத்தின் ஆகச் சிறிய படகுகள் பிரிவில் ஓடி முடித்தது ஒரே ஒரு படகு. 'அஸென்ட்' என்ற கான்டெஸ்ஸா 32. கைவிட்ட படகுகள் மிதந்தன என்ற செய்தியை எங்கள் ஆசிரியர் மூன்று முறையாவது சொல்லியிருப்பார். உயிர்காப்பு மிதவைக்குள் ஏற வேண்டுமானால் படகிலிருந்து மேல்நோக்கி ஏறுகிற நிலைமை வர வேண்டும், அதாவது படகு உன் காலடியில் மூழ்கியிருக்க வேண்டும், அதுவரை படகைவிடாதே என்பார்.

ஜூன் 8 காலை ஃபால்மத்தை விட்டோம். ஸ்பெயின், போர்ச்சுகல் கரையோரமாக இறங்கிப் போகலாம் என்று முதலில் ஒரு யோசனை இருந்தது. 2020-லிருந்து அந்தக் கரையில் ஓர்க்கா திமிங்கிலங்கள் பாய்மரப் படகுகளின் சுக்கானைத் தாக்கி உடைக்கின்றன. எதற்கு வம்பு என்று நேராகத் தென்மேற்கே போனோம். இரண்டாம் நாள் கண்டத்திட்டு முடிகிற இடம் வந்தது. 200 மீட்டருக்குள் இருந்த ஆழம் 4,000 மீட்டருக்கு மேல் இறங்கிவிடும். அதுவரை குட்டை அலையாகக் குதித்த கடல், அதன் பிறகு நீளமாக மூச்சுவிட ஆரம்பித்தது.

அன்றைக்கு ராத்திரிதான் அந்தப் படுக்கை எனக்குப் புரிந்தது. படகின் நடுப்பகுதியில், தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊஞ்சலின் அச்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும் அல்லவா, அதே மாதிரி. திறந்த பக்கத்தில் ஒரு கேன்வாஸ் துணியைக் கயிறு போட்டு மேலே இழுத்துக் கட்டிவிட்டால் உடம்பு தொட்டிலில் கிடப்பதுபோல் இருக்கும். படகு எந்தப் பக்கம் உருண்டாலும் தோளும் இடுப்பும் நகராது. நகராததால் தசைகள் ஓய்வெடுக்கின்றன. அகலமான கட்டிலில் தூங்கும்போதுகூட உடம்பு உருண்டுவிடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும், விடியும்போது அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். கூரான முன்பக்கத்தில் இருக்கும் அழகான இரட்டைப் படுக்கையில் நாங்கள் பாய்ப்பைகளையும் வெங்காய மூட்டையையும் வைத்திருந்தோம். அலை வரும்போது அங்கே படுத்தால் ஆளைத் தூக்கிப் போடும்.

தூக்கத்தைப் பற்றி இவ்வளவு எழுதக் காரணம் இருக்கிறது. மூன்று பேர், ஆளுக்கு மூன்று மணி நேரம் காவல், ஆறு மணி நேரம் ஓய்வு. நாலாம் நாளுக்குள் ஒருவருக்குத் தூக்கம் போய்விட்டால் அவர் தவறு செய்ய ஆரம்பிப்பார். உடம்பைப் படகோடு பிணைக்கும் கயிற்றின் கொக்கியை மாட்ட மறப்பார், பாயைச் சுருக்க வேண்டிய நேரத்தில் 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்பார். அதனால் நெடும்பயணப் படகில் முதலில் பார்க்க வேண்டியது, எத்தனை பேர் படுக்கலாம் என்பதைவிட, படகு 30 பாகை சாய்ந்து போகும்போது எத்தனை பேர் நிஜமாகத் தூங்கலாம் என்பது. விளம்பரத்தில் 'எட்டுப் பேருக்குப் படுக்கை' என்று போடுவார்கள். அதில் கடலில் தூங்கத்தக்கவை எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு.

கையால் சுக்கான் பிடித்தது மொத்தப் பயணத்தில் ஐந்தாறு மணி நேரம்கூட இருக்காது. பின்பக்கத்தில் ஏரீஸ் என்ற காற்றுச் சுக்கான் பொருத்தியிருந்தது. மேலே ஒரு தட்டை, அது காற்று வரும் திசையைப் பார்த்து நிற்கும். படகு வழி மாறினால் காற்று பக்கவாட்டில் பட்டுத் தட்டை சாயும். அது தண்ணீருக்குள் தொங்கும் ஒரு துடுப்பைச் சற்றே திருப்பும். ஓடும் நீர் அந்தத் துடுப்பைப் பலமாக ஒரு பக்கம் தள்ளும். அந்த விசை இரண்டு கயிறுகள் வழியாகச் சுக்கான் பிடியை இழுத்துப் படகைப் பழைய வழிக்குக் கொண்டுவரும். மின்சாரம் வேண்டாம், சாப்பாடு வேண்டாம், காற்று கூடக் கூட அதன் பலமும் கூடும். 1960-இல் நடந்த முதல் தனியாள் அட்லாண்டிக் பந்தயத்தில் பிளாண்டி ஹேஸ்லர் தானே உருவாக்கிய காற்றுச் சுக்கானோடு போனார். அதிலிருந்து வளர்ந்த குடும்பம் இது. இது சரியாக வேலை செய்ய வேண்டுமானால் படகுக்கே நேராகப் போகும் குணம் இருக்க வேண்டும். சுக்கானிலிருந்து கையை எடுத்த மறுவிநாடி திரும்பி ஓடுகிற படகை எந்தக் கருவியாலும் நெடுநேரம் பிடித்து நிறுத்த முடியாது. கான்டெஸ்ஸாவில் சுக்கானுக்கு முன்னால் ஒரு சிறு செதில் போலத் தாங்கு இருக்கிறது. சுக்கானை அது பிடித்துக்கொள்கிறது, மிதந்து வரும் மரக்கட்டை நேராக மோதாமலும் தடுக்கிறது.

சமையல் தங்கையும் நானும். அடுப்பு ஊஞ்சல்போல் ஆடும், அதனால் படகு எப்படிச் சாய்ந்தாலும் பாத்திரம் சமமாக நிற்கும். முன்னால் ஒரு கம்பி, ஆள் அடுப்பின் மேல் விழாதபடி. இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ள ஒரு பட்டை, அதில் சாய்ந்துகொண்டால் இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும். வீட்டிலிருந்து மூன்று லிட்டர் பிரஷர் குக்கரை எடுத்துப் போயிருந்தேன். கடலில் அதற்கு இணையான பாத்திரம் இல்லை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். மூடி பூட்டிக்கொள்கிறது, கவிழ்ந்தாலும் கொதிநீர் கொட்டாது, எரிவாயுவும் மிச்சம். பெரிய காற்றில் சமைக்கும்போது மழைக் கால்சட்டையும் பூட்ஸும் போட்டுக்கொள்ளச் சொன்னார் ஆசிரியர். கொதிநீர் கொட்டினால் தொடை வெந்துபோகும் என்றார். தங்கை தன் வார்டு அனுபவத்தை வைத்து அதை அப்படியே ஆமோதித்தாள்.

தண்ணீர்க் கணக்கு எளிது. ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர், மூன்று பேர், பயணம் 20 நாள் இழுத்தாலும் போதுமாக 180 லிட்டர். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் வைக்கவில்லை. தொட்டி கசிந்தாலோ கெட்டாலோ கேன்களில் மீதி இருக்கும்.

ஏழாம் நாள் மாலை காற்றழுத்தமானி காட்டும் அழுத்தம் இறங்க ஆரம்பித்தது. ராத்திரி பத்து மணிக்குக் காற்று 35 நாட், நள்ளிரவு தாண்டி 40, இடையில் 45. அலை ஐந்து மீட்டர் இருக்கும். ஓடிக்கொண்டே இருக்கலாமா, நிறுத்திவைக்கலாமா என்று ஆசிரியர் கொஞ்ச நேரம் யோசித்தார். மூன்று பேருமே களைத்திருந்தோம். "நிறுத்தி வைப்போம், ஆளுக்குக் கொஞ்சம் தூங்குவோம்" என்றார்.

நடுக்கடலில் பாய்ப்படகை எப்படி நிறுத்துவது? பெரிய பாயை மூன்றாவது மடிப்பு வரை சுருக்கியிருந்தோம். முன்னால் சின்னஞ்சிறு புயல்பாய். படகைக் காற்றின் ஊடாகத் திருப்பினார், ஆனால் முன்பாயின் கயிற்றை அவிழ்க்கவில்லை. அதனால் அந்தப் பாயில் காற்று தவறான பக்கத்திலிருந்து மோதி முன்பக்கத்தைத் தள்ளுகிறது. சுக்கான் பிடியைக் காற்று போகும் பக்கமாகக் கட்டிவிட்டார், அது படகைக் காற்றை நோக்கித் திருப்பப் பார்க்கிறது. இரண்டு விசையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள, படகு காற்றுக்கு ஏறக்குறைய 50 பாகையில் முகத்தை வைத்துக்கொண்டு, ஒன்றரை நாட் வேகத்தில் பக்கவாட்டில் மெல்ல நழுவியது. அந்த அமைதியை எப்படிச் சொல்வேன்! காற்று அதே காற்றுதான், கம்பிகளில் அதே ஊளைதான். ஆனால் குதிப்பும் அடிப்பும் நின்றுபோயின. நழுவுகிற படகு தன் பக்கவாட்டில் விட்டுப் போகும் சுழல்நீர் மேல் வரும் அலைகள் சில உடையாமலே அடங்கிப் போயின.

எல்லாப் படகும் இப்படி நிற்காது. மிகக் குறுகலான கீலும் முன்பக்கத்தில் உயரமான சுவரும் உள்ள படகுகளை நிறுத்தப் போனால் முகம் காற்றோடு அடித்துக்கொண்டு போகும். வாங்க நினைக்கும் படகை ஒருநாள் 20 நாட் காற்றிலாவது இப்படி நிறுத்திப் பாருங்கள். விற்பவர் மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

அதிகாலை மூன்று மணி இருக்கும். நான் அந்த 53 சென்டிமீட்டருக்குள் கிடந்தேன். திடீரென்று ஒரு சத்தம், லாரி மோதியதுபோல். கூரை சுவராகியது. பாய்மரம் தண்ணீரைத் தொடும் அளவுக்குச் சாய்ந்தது என்று காக்பிட்டில், அதாவது மேல்தளத்தில் உட்கார்ந்து படகோட்டும் பள்ளத்தில், இருந்த ஆசிரியர் பிறகு சொன்னார். எனக்கு அந்த நேரத்தில் தெரிந்தது இரண்டுதான். துணி என்னை விடவில்லை. ஒரு டின் பட்டாணி இருட்டில் என் தலைக்கு மேலே பறந்து எதிர்ச் சுவரில் மோதியது. இரண்டு மூன்று விநாடி. பிறகு அடியில் இருந்த இரண்டு டன் வேலை செய்தது, படகு நிமிர்ந்தது.

"அண்ணா, இருக்கிறியளா?" என்று தங்கை குரல் கொடுத்தாள்.

"இருக்கேன். நீ?"

"எனக்கொண்டுமில்லை. தண்ணி வருது, அது எங்காலையெண்டு பாருங்கோ."

தண்ணீர் வந்தது இரண்டு இடத்தில். பாய்மரத்தைத் தாங்கும் பக்கக் கம்பிகள் மேல்தளத்தில் பொருந்துகிற போல்ட்டுகள் வழியே ஒழுகல், பழைய படகுகளின் பொதுவான நோய். இன்னொன்று வாசல் பலகை இடுக்கு. பலகைகள் இருந்தன என்பதே பெரிது. 1979-இல் படகு புரண்டபோது வாசல் பலகைகள் தாமாகக் கழன்று விழுந்து, திறந்த வாசல் வழியாகக் கடல் உள்ளே வந்த படகுகள் உண்டு. எங்கள் பலகைகள் ஒவ்வொன்றையும் கயிற்றால் உள்ளே கட்டியிருந்தார் ஆசிரியர். காக்பிட்டுக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு திட்டு இருந்ததும் உதவியது. காக்பிட் நிரம்பினாலும் தண்ணீர் நேராக உள்ளே இறங்காது. காக்பிட்டும் சிறியது. துறையில் ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிட முடியாத அந்தச் சின்னக் காக்பிட்டைக் குறையாக எண்ணியிருந்தேன். ஒரு கன மீட்டர் கடல்நீர் 1,025 கிலோ. எவ்வளவு நீர் தங்குகிறது, எவ்வளவு சீக்கிரம் வடிகிறது என்பதில் உயிரே இருக்கிறது.

அந்தப் பட்டாணி டின் எங்கள் தவறு. தரைப்பலகைக்கு அடியில் டின்களை அடுக்கிவிட்டு, ஒரு பலகையை மட்டும் திருகு போடாமல் விட்டிருந்தோம். என் தலைக்கு நேராக வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பதுண்டு. பேட்டரிகள் பட்டை போட்டுக் கட்டியிருந்ததால் அசையவில்லை. ஒரு படகுக்குள் நின்று, இதைத் தலைகீழாகத் திருப்பினால் எது எது விழும் என்று ஒவ்வொரு மூடியாக, ஒவ்வொரு பலகையாகப் பார்ப்பது அரை நாள் வேலை. கிளம்புமுன் அந்த அரை நாளைச் செலவிடுங்கள்.

1979-க்குப் பிறகு சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் மாதிரிப் படகுகளை அலைத்தொட்டியில் விட்டுச் சோதித்தார்கள். உடைந்து விழும் அலை, பக்கவாட்டில் நிற்கும் படகின் நீளத்தில் 30 சதவீத உயரம் இருந்தாலே சில படகுகளைக் கவிழ்க்கும், 60 சதவீதம் இருந்தால் எந்தப் படகையும் கவிழ்க்கும் என்று கண்டார்கள். எங்கள் படகுக்கு அது மூன்று மீட்டர், ஆறு மீட்டர். அதாவது வடிவமைப்பு எவ்வளவு நல்லதானாலும் ஓர் எல்லை இருக்கிறது. இந்தியக் கடற்படை அதிகாரியாக இருந்த அபிலாஷ் டோமியின் கதை நம்மில் பலருக்குத் தெரியும். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் தனியாளாக எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிய, மும்பையில் கட்டிய 'சுஹைலி'யின் வடிவில் கோவாவில் கட்டிய படகு 'துரியா'. அதில் 2018-இல், தனியாக நிற்காமல் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில் போனார். நீளக் கீலும் கனமும் உள்ள படகு. தென் இந்தியப் பெருங்கடலில் அது புரண்டு, பாய்மரம் உடைந்து, அவருக்கு முதுகில் பலத்த காயம். அதே மனிதர் அடுத்த பந்தயத்தில் ரஸ்லர் 36 என்ற படகில் போய் இரண்டாவதாக வந்தார். அலைக்குப் பக்கவாட்டைக் காட்டாமல் முகத்தைக் காட்டி நிற்க உதவுகிற படகு, புரண்டால் நிமிர்கிற படகு, நிமிர்ந்த பிறகு உள்ளே தண்ணீர் நிரம்பாத படகு. இந்த மூன்றுக்கும் மேல் ஒரு வடிவமைப்பாளரிடம் எதைக் கேட்பது?

இருபது மணி நேரம் அப்படியே கிடந்தோம். மறுநாள் இரவு காற்று தணிந்ததும் குக்கரில் கஞ்சி வைத்துக் குடித்துவிட்டுப் பாயை விரித்தோம். 13-ஆம் நாள் அசோர்ஸின் ஃபயால் தீவில் உள்ள ஹோர்ட்டா துறைக்குள் நுழைந்தோம்.

ஹோர்ட்டாவில் நான்கு நாள் இருந்தேன். வந்து போகும் படகுக்காரர்கள் துறைச் சுவரில் தங்கள் படகின் ஓவியத்தை வரைந்துவிட்டுப் போவது அங்கே வழக்கம், சுவர் முழுக்க வண்ணம். அந்த நான்கு நாளும் நான் செய்தது ஒன்றே. கரீபியனிலிருந்தும் பெர்முடாவிலிருந்தும் வந்த படகுகளைப் பார்த்து, ஆட்களிடம் பேச்சுக் கொடுத்தேன். என் எண்ணம் அங்கே கொஞ்சம் மாறியது, அதையும் சொல்ல வேண்டும். அகலமான புதுப் படகுகள் நிறைய இருந்தன. கீலை மேலே தூக்கிக்கொள்ளும் பிரெஞ்சு அலுமினியப் படகுகள் இருந்தன. இரட்டை உடல் கொண்ட கேட்டமரான்கள் இருந்தன (நம் கட்டுமரம் என்ற சொல் உலகம் சுற்றி வந்து வேறு ஒரு படகுக்குப் பெயராகிவிட்டது). ஆண்டுதோறும் நவம்பரில் கேனரி தீவுகளின் லாஸ் பால்மாஸிலிருந்து கரீபியனின் செயின்ட் லூசியாவுக்கு 2,700 கடல்மைல் கடக்கும் கூட்டத்தில் பெரும்பாலானவை தொழிற்சாலையில் ஒரே அச்சில் நிறையக் கட்டும் படகுகள்தான். வாணிபக் காற்றைப் பின்னால் வைத்துக்கொண்டு, நல்ல வானிலை முன்னறிவிப்போடு, வேகமாகப் போகிற படகு புயலைத் தவிர்த்தும் போகலாம். வேகமும் பாதுகாப்புதான். கான்டெஸ்ஸாவில் அது இல்லை, நாளுக்கு 100 மைல் போவதே எங்களுக்குப் பெரிய காரியமாக இருந்தது. மேல்தளம் எப்போதும் நனைந்திருந்தது, குடும்பத்தோடு மாதக்கணக்கில் குடியிருக்க அந்தப் படகு பத்தாது.

ஆனாலும் என் தேவை வேறு. வடக்கே இருக்கும் கடல்கள், இரண்டு அல்லது மூன்று பேர், வயது ஐம்பதை நெருங்குகிறது. எனக்கு வேண்டியது, நான் களைத்துக் கிடக்கும்போது தன்னைத் தானே பார்த்துக்கொள்கிற படகு.

ஊர் திரும்பியதும் மறுபடி தேட ஆரம்பித்தேன். இந்த முறை உள்ளே இறங்கியவுடன் கண்ணை மூடிக்கொண்டு படியிலிருந்து முன்பக்கம் வரை நடந்தேன். கை நீட்டும் இடத்திலெல்லாம் பிடி இருக்க வேண்டும். படுக்கையில் பத்து நிமிடம் படுத்தேன். எஞ்சின் மூடியைத் திறந்து, எண்ணெய் வடிகட்டியும் தண்ணீர்ப் பம்பும் கைக்கு எட்டுகிறதா என்று பார்த்தேன். ஒரு படகில் புத்தம் புது மெத்தைகளும் பெரிய திரையும் இருந்தன. கம்பிகளைத் தாங்கும் போல்ட்டுகளை எப்போது கழற்றிப் பார்த்தீர்கள் என்று கேட்டேன், விற்பவரிடம் பதில் இல்லை. கம்பிகளின் வயதும் தெரியவில்லை. பத்து ஆண்டுக்கு மேலான கம்பிகளைக் காப்பீட்டுக்காரர்கள் பலரே மாற்றச் சொல்வார்கள்.

கீல் எப்படி இணைந்திருக்கிறது என்பதை எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டேன். 2014 மே மாதம் 'சீக்கி ராஃபிக்கி' என்ற படகு ஆன்டிகுவாவிலிருந்து சவுத்தாம்ப்டனுக்குத் திரும்பும் வழியில் கீல் கழன்று கவிழ்ந்தது. நான்கு பேர் போய்விட்டார்கள். எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த படகு. போல்ட் போட்ட கீலே கூடாது என்று நான் சொல்லவில்லை, நன்றாகக் கட்டிய, தரை தட்டினால் உடனே பரிசோதித்த போல்ட் கீல்கள் லட்சக்கணக்கான மைல் ஓடியிருக்கின்றன. ஆனால் அந்தப் படகு எப்போதாவது தரை தட்டியதா, தட்டிய பிறகு உள்ளே இருக்கும் தாங்குசட்டத்தை யார் பார்த்தார்கள் என்பதற்குப் பதில் வேண்டும். 'நெடுங்கடலுக்கு ஏற்றது' என்று சான்றிதழில் 'ஏ' எழுத்து இருப்பது மட்டும் போதாது. காற்றின் பலத்தைச் சொல்லும் பியூஃபோர்ட் அளவுகோலில் 8-க்கு மேலும் அலை நான்கு மீட்டருக்கு மேலும் தாங்கும்படி வடிவமைத்தது என்பதே அதன் பொருள். போல்ட் துருப்பிடித்திருக்கிறதா என்று அந்த எழுத்து சொல்லாது.

கடைசியில் 1970களில் கட்டிய ஒரு ரைவல் 34 வாங்கினேன். பீட்டர் பிரெட் வரைந்தது. கனமானது, சுக்கானுக்கு முன்னால் தாங்கு உண்டு. என் மனைவி உள்ளே இறங்கிப் பார்த்துவிட்டு, இருட்டாக இருக்கிறது என்றாள். உண்மைதான், வெள்ளை பெயின்ட் வாங்கியிருக்கிறோம். இந்தக் குளிர்காலம் முழுக்கப் பக்கக் கம்பி போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். பன்னிரண்டில் இரண்டு, மேல்தளத்துக்குள் மறைந்திருக்கும் இடத்தில் மெலிந்துபோயிருந்தன, வெளியே பார்த்தால் பளபளவென்று இருந்தன. எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். வாசல் பலகைகளில் துளை போட்டுக் கயிறு கட்டியாயிற்று, தரைப்பலகை ஒவ்வொன்றுக்கும் திருகு.

படுக்கை மட்டும் 68 சென்டிமீட்டர் இருந்தது. ஓரத்தில் ஒரு பலகை வைத்து அடைத்து 55-க்குக் கொண்டுவந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்திருந்தாள். நான் தடுப்புத் துணிக்குக் கேன்வாஸை வெட்டிக்கொண்டிருந்தேன், அவள் அந்த மெத்தையில் படுத்துத் தோளை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தாள்.

"கயிறு போடுற ஓட்டையைப் பெரிசா வையுங்கோ அண்ணா," என்றாள். "இருட்டுக்க, கையுறையோட, ஒரு கையால கட்ட வேணும்."

பென்சிலை எடுத்துப் பெரிய வட்டமாகப் போட்டேன்.